தோட்டத்தில் வௌவால் தங்க

அந்தி மயங்கியபின் வாழைப்பூவின் செம்மடல் ஒன்று மெல்ல விரிந்து தேன் கசியும் வேளையில், ஒரு கணம் அதைப் பற்றித் தொங்கி, நாவால் தேனை நக்கி, மகரந்தம் படிந்த முகத்துடன் பறந்துபோகும் சிறு பழந்தின்னி வௌவாலைத் தம் தோட்டத்தில் காண விரும்புவோர், வாழையோடு, இடமிருந்தால் இலவம், இலுப்பை முதலிய விருட்சங்களையும் வளர்ப்பது உத்தமம். பூச்சிகளையே ஆகாரமாகக் கொண்ட வேறு இன வௌவால்களுள் சில, பனையில் காய்ந்து தொங்கும் ஓலைகளுக்கிடையே பகலில் உறங்குவன. ஆதலால், ஆள் நடமாட்டமில்லாத இடத்துப் பனையின் காவோலையைக் கழிக்காமல் விடுவதும், இரவில் தோட்டத்து விளக்கை அணைப்பதும், பூச்சிமருந்தை அறவே விலக்குவதும் அவசியம். இவற்றுள் கடைசியே பிரதானம் என்பது நமது அபிப்பிராயம். வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள். தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.