தேன்கூட்டுப் பின்னலில் ஒளி

திருப்பூரில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவருக்குத் தெரியும்: அதே முப்பதாம் நம்பர் நூல்தான், சிங்கிள் ஜெர்சியாக ஓட்டினால் வெட்டிய ஓரம் சுருளும், ரிப்பாக ஓட்டினால் சுருளாது, அகலவாக்கில் தாராளமாக இழுபடும். துணியின் குணத்தில் பாதியைக் கண்ணி விழும் விதமே தீர்மானிக்கிறது. இயற்பியலாளர்கள் சிலர் இந்த வித்தையை ஒளியிடம் காட்டிவருகிறார்கள்.

கிராஃபீன் தாளில் எலெக்ட்ரான்கள் நிறையே இல்லாதவைபோல ஓடும். கார்பன் அணுக்கள் தேன்கூடுபோல அறுகோணமாக அமைந்திருப்பதுதான் அதற்குக் காரணம். அப்படியானால் அதே அமைப்பில் வேறொரு துகளை விட்டால்?

பாரிஸுக்கு அருகிலுள்ள மார்கூசி ஆய்வகத்தில் ஆல்பெர்ட்டோ அமோ, ழாக்குலின் பிளாக் குழுவினர் விட்டுப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். காலியம் ஆர்சனைடு சில்லில் சுமார் 3 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தூண்களை, ஒன்றோடொன்று லேசாக ஒட்டும்படி அறுகோண வரிசையில் செதுக்கினார்கள். தூணின் மேலும் கீழும் ஆடிகள், நடுவே மெல்லிய குறைகடத்தி அடுக்குகள். ஆடிகளுக்கு இடையே சிக்கிய ஒளி, அந்த அடுக்குகளில் கிளர்ந்தெழும் எலெக்ட்ரான்-துளை இணையோடு கலந்துவிடுகிறது. இந்தக் கலப்புத் துகளுக்குப் போலாரிட்டான் என்று பெயர். எலெக்ட்ரானைவிடப் பல ஆயிரம் மடங்கு இலேசானது. அதனால்தான் அணுவைவிட எவ்வளவோ பெரிய தூண்களே அதற்குப் போதும்.

தூண் விட்டுத் தூண் தாவிய போலாரிட்டான்கள் கிராஃபீன் எலெக்ட்ரான்களைப் போலவே ஓடின. வேறொரு ஆற்றல் பட்டையிலோ, நகரவே மறுத்தன!

போலாரிட்டானுக்கு ஆயுள் அற்பம். சில பத்துப் பிக்கோ வினாடிகளில் ஒளியாகக் கசிந்துவிடும். ஆய்வாளருக்கு அந்தக் கசிவுதான் லாபம். கேமராவை வைத்தால் துகள் இருந்த இடமும் போன திசையும் படமாகவே விழும். நிஜ கிராஃபீனுக்குள் இப்படி எட்டிப் பார்ப்பது அத்தனை சுலபமில்லை.

2020-ல் அமோ குழு தூண்களின் இடைவெளியைப் படிப்படியாக மாற்றி, பின்னலையே இழுத்துவிட்டதுபோல் ஆக்கியது. காந்தம் எதுவும் வைக்காமலே, காந்தப்புலத்தில் அகப்பட்டவைபோலத் துகள்கள் நடந்துகொண்டன. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த சோதனை இதுதான். அதற்கு முன்பே, 2018-ல், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழு நிஜக் காந்தப்புலத்தையே கொடுத்து, போலாரிட்டான்களை ஓரத்தில் மட்டும் ஒரே திசையில் ஓடவைத்தது.

ஆனால் இவையெல்லாம் திரவ ஹீலியக் குளிரில் நடப்பவை. கடைக்கு வரும் சரக்காக இன்னும் எதுவும் ஆகவில்லை. அறை வெப்பநிலைக்கு இப்போது கரிமப் பொருள்களை முயல்கிறார்கள். எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிர்புரதத்தை வைத்து, ஒற்றை வரிசைப் பின்னலில் போலாரிட்டான்களை அறை வெப்பநிலையிலேயே ஒன்றுதிரட்டிக் காட்டியதும் வூர்ட்ஸ்பர்க் குழுதான், ஆண்டு 2020.