உருளைப்புழுவின் உயிரணுப் பெயர்ச்சியும் மரபணுவின் செயலிடமும்

உயிரியலைத் தமிழிற் பயில்வோர்க்கு மயக்கம் தரும் தொடர்களுள் ஒன்று 'உயிரணுப் பெயர்ச்சி மரபணு' என்பது. இத்தொடரைக் கேட்டவுடன், பெயர்ந்து செல்லும் உயிரணுவின் உள்ளேயே அம்மரபணு செயற்படும் எனக் கருதுதல் இயல்பு. அக்கருத்து எல்லா இடத்தும் பொருந்தாது என்பதனை ஓர் உருளைப்புழுவின் வளர்ச்சியைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் அப்புழு மண்ணில் வாழ்வது. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுடையது. அதன் உடல் ஒளி ஊடுருவுவது. ஆதலின் உயிருள்ள புழுவிலேயே அணுக்களின் போக்கினை நுண்ணோக்கியாற் காணலாம். இதன் மரபியலைப் பற்றிய முதன்மையான ஆய்வினைச் சிட்னி பிரென்னர் 1974-இல் வெளியிட்டார். பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் ஆகிய மூவரும் இப்புழுவை ஆராய்ந்தமைக்காக 2002-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்புழுவின் இனப்பெருக்க உறுப்பு இரு கிளைகளை உடையது. ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு நுனியணு உண்டு. இளம்புழு வளருங்கால், நுனியணுக்கள் இரண்டும் உடலின் நடுவிலிருந்து வயிற்றுப்புறமாக எதிரெதிர்த் திசைகளிற் செல்கின்றன. பின்னர் முதுகுப்புறம் ஏறுகின்றன. அதன்பின் நடுவிடம் நோக்கி மீள்கின்றன. நுனியணு சென்ற வழியே உறுப்பின் வடிவம் ஆகின்றது.

இச்செலவிற்கு வேண்டிய மரபணுக்களுள் ஒன்று மிக்-17. இது பழுதுற்ற புழுவில் நுனியணு நின்றுவிடுவதில்லை. வழி பிறழ்ந்து அலைகின்றது. நிசிவாகி முதலிய சப்பானிய ஆய்வாளர் 2000-இல் இதன் செயலிடத்தை ஆராய்ந்தனர். மரபணு தரும் புரதத்தோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்துப் பார்த்தபோது, அது உடற்சுவரின் தசையணுக்களில் தோன்றி, வெளியே சுரந்து, இனப்பெருக்க உறுப்பினைப் போர்த்துள்ள சவ்வில் தங்குவது புலனாயிற்று. அப்புரதம் பிற புரதங்களை அறுக்கும் நொதி வகையைச் சேர்ந்தது. எனவே, பெயர்வது நுனியணு; அப்பெயர்ச்சியைச் செம்மைப்படுத்தும் மரபணு செயற்படுவதோ பெயராத தசையணுவில்.

இதற்கு மாறாக, அன்க்-5 என்னும் மரபணு நுனியணுவிலேயே செயற்படுகின்றது. முதுகுப்புறம் ஏறும் காலத்தில் அது செயற்படத் தொடங்கும். உரிய காலத்திற்கு முன்னரே அதனைச் செயற்படுத்தினால் நுனியணுவும் முன்னரே திரும்பிவிடுகின்றது. ஆகவே செயலிடத்தோடு செயற்காலமும் கருதத்தக்கது.

இனி, மயக்கம் தோன்றியவாற்றைச் சொல்வழி நோக்குவோம். பெயர்தல் என்பது தன்வினை, பெயர்த்தல் பிறவினை. 'பெயர்ச்சி' தன்வினையிற் பிறந்தமையால் பெயரும் பொருளையே மனம் பற்றுகின்றது. உலக வழக்கிலும் இதுவே நிலை. பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் அமைந்த லப்பைக்குடிக்காட்டிலிருந்து அயல்நாடு சென்று பொருளீட்டுவோர் பலர். பயணம் என்றதும் சென்றவரையே நினைக்கின்றோம். அச்செலவிற்கு வேண்டுவன செய்து ஊரிலேயே தங்கியவரை நினைப்பதில்லை. தசையணு அங்ஙனம் தங்கியவரை ஒத்தது.

ஆதலின், மரபணு இயங்கும் அணுவினைச் 'செயலிடம்' என்றும், அதன் புரதம் தொழில் புரியும் இடத்தைப் 'பயனிடம்' என்றும் பிரித்து வழங்குதல் நலம். மிக்-17-க்குச் செயலிடம் தசை. பயனிடம் உறுப்பின் சவ்வு. அன்க்-5-க்கு இரண்டும் நுனியணுவே. இவ்வேறுபாட்டைப் பாடநூல் தெளிவாகச் சுட்டின், தமிழ்வழி பயிலும் மாணவர் சொல்லால் மயங்காது பொருளை உணர்வர் என்பது எம் துணிபு.