ஒளித்து வைத்த கையேடு

1945ஆம் ஆண்டு யப்பானின் ஹிரோசிமா நகரில் ட்ராம் வண்டிகளை ஓட்டியவர்களிலும் அவற்றில் நடத்துனராக நின்றவர்களிலும் பலர் பாடசாலைப் பெண்பிள்ளைகள். வயது பதினான்கு, பதினைந்து, பதினாறு. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஆட்கள் போதாமையால் ட்ராம் கம்பனியே 1943இல் ஒரு பெண்கள் பாடசாலையைத் தொடங்கி, படிப்பும் வேலையுமாக அவர்களை வைத்திருந்தது. ஆகஸ்ட் 6ஆம் திகதி திங்கட்கிழமை காலை 8.15இற்கு அமெரிக்க விமானம் ஒன்று போட்ட யூரேனியக் குண்டு நகரின் மேல் சுமார் 600 மீற்றர் உயரத்தில் வெடித்தது. மூன்றாம் நாள், 9ஆம் திகதி, எரிந்த நகரின் ஒரு சிறு துண்டுப் பாதையில் ட்ராம் மறுபடி ஓடியது. உயிர் தப்பிய பிள்ளைகளிற் சிலர் அந்த வேலைக்கும் வந்தார்கள். அதே 9ஆம் திகதி காலை 11.02இற்கு நாகசாகியில் இரண்டாவது குண்டு விழுந்தது. அது முதலில் கொக்குரா என்ற நகருக்குக் கொண்டு போகப்பட்டது. அங்கே நிலம் தெளிவாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோசிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்தார்கள் என்று கணக்கிடப்படுகிறது. ஹிரோசிமாவில் இறந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவ மாணவிகள். விமானத் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளியாக்கும் வேலைக்காக அன்று காலை அவர்களை வெட்டவெளியில் நிறுத்தியிருந்தார்கள். அங்குள்ள நூதனசாலையில் உள்ளே சோறு கரியாகிப்போன ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. மகனின் உடலை அடையாளம் கண்ட தாய் எடுத்து வந்தது அது.

யப்பான் அந்தப் போரில் ஒன்றும் அறியாத நாடல்ல. 1942 ஏப்ரலில் எமது கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டவை யப்பானிய விமானங்களே. ஹிரோசிமாவில் அகப்பட்டவர்களில் யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியாவிலிருந்து வந்த பல்லாயிரம் பேரும் இருந்தார்கள். வேலைக்கென்று கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுக்குள் அடக்கம்.

குண்டு விழுந்த நாளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. காயமில்லாமல் தப்பியவர்களுக்குக்கூட சில நாட்களில் தலைமயிர் கொட்டியது, முரசிலிருந்து இரத்தம் வந்தது. என்ன நோய் என்று வைத்தியர்களுக்கே விளங்கவில்லை. நாடு அமெரிக்கப் படையின் ஆட்சிக்குள் இருந்ததால் பத்திரிகைகளில் இவற்றைத் தாராளமாக எழுதவும் முடியவில்லை. 1947இல் அமெரிக்கர் அங்கே ஓர் ஆய்வு நிலையத்தைத் திறந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், அளந்தார்கள். வைத்தியம் செய்வது அந்த நிலையத்தின் வேலையாக இருக்கவில்லை. தங்களைப் பரிசோதனை எலிகளாக வைத்திருந்தார்கள் என்ற மனக்குறை பலருக்குக் கடைசிவரை இருந்தது.

சில ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வரத் தொடங்கியது. மார்பு, வயிறு, சுவாசப்பை முதலிய இடங்களில் வரும் புற்றுநோய்கள் அதற்கும் பின்னால் வந்தன. தாயின் வயிற்றில் இரண்டு, மூன்று மாதக் கருவாக இருந்தபோது கதிர்வீச்சு பட்ட பிள்ளைகளிற் சிலர் சிறிய தலையோடும் குறைந்த அறிவு வளர்ச்சியோடும் பிறந்தார்கள். சாப்பாடு போதாமல் இப்படியானதென்று பல தாய்மாருக்குச் சொல்லப்பட்டது. தம்மைத் தாமே குற்றம் சொல்லிக்கொண்டு அவர்கள் இருபது ஆண்டுகள் இருந்தார்கள். 1965இல்தான் அந்தப் பெற்றோர் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து ஒரு சங்கமாகக் கூடினார்கள்.

கல்யாணப் பேச்சு இன்னொரு துயரம். குண்டு விழுந்த ஊரின் பெண்ணா, பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் விலகினார்கள். குண்டுக்குப் பின்னர் கருத்தரித்துப் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளைப் பல தசாப்தங்களாக ஆராய்ந்தும், பெற்றோருக்குப் பட்ட கதிர்வீச்சால் பரம்பரையாக நோய் இறங்கியதற்கு இதுவரை தெளிவான அடையாளம் கிடைக்கவில்லை. ஆனால் ஆய்வு முடிவைக் காத்திருந்து கல்யாணம் பேசுகிறவர் யார்? முகத்தில் தழும்பு தடித்துப்போன பெண்கள் வெளியே வரவே தயங்கினார்கள். அவர்களில் 25 பேரை 1955இல் நியூயோர்க்கிற்கு அழைத்துச் சென்று சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒருவர் மயக்க மருந்தோடு கண் திறக்காமலே இறந்தார்.

இவ்வளவுக்கும் அரசாங்கம் முதலாவது வைத்திய உதவிச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1957இல். அதுவும் தானாக வரவில்லை. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மேல் விழுந்தது. 23 பேர் நோயுற்றார்கள், ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். சந்தைக்கு வந்த சூரை மீனில் கதிர்வீச்சு இருந்ததென்று தெரிந்ததும் பயம் அடுப்படிக்கே வந்துவிட்டது. தோக்கியோவின் சுகினாமி பகுதிக் குடும்பப் பெண்கள் வீடு வீடாகப் போய் அணுக்குண்டுக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் 3 கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. பாதிக்கப்பட்டவர்களின் சொந்தச் சங்கமான நிகோன் கிதாங்க்யோ 1956இல் அமைந்தது.

சட்டப்படி பாதிக்கப்பட்டவருக்கு ஒரு சிறு கையேடு கொடுப்பார்கள். அதைக் காட்டினால் வைத்தியம் இலவசம். குண்டு வெடித்தபோது நகரில் இருந்தவர், இரண்டு கிழமைக்குள் உறவினரைத் தேடி உள்ளே போனவர், காயப்பட்டோரைப் பராமரித்தவர், அவர்களின் வயிற்றில் இருந்த பிள்ளை ஆகியோருக்கு அது உரியது. ஆனால் அங்கே இருந்தேன் என்று எழுத்தில் காட்ட வேண்டும், இல்லையேல் சாட்சி சொல்ல ஆட்களைக் கொண்டுவர வேண்டும். குடும்பமும் அயலும் ஒரேயடியாக அழிந்த இடத்தில் சாட்சிக்கு எங்கே போவது? பதிவு தொலைந்து, அத்தாட்சி கேட்டு அலைந்தவர்களுக்கு இது விளங்கும். கிடைக்கக்கூடியதாக இருந்தும் கேட்காமல் இருந்த பெண்களும் உண்டு. எடுத்தும், மகளின் கல்யாணம் முடியும் மட்டும் அதை வீட்டாருக்கே காட்டாமல் ஒளித்து வைத்தவர்களும் உண்டு.

2024இல் நிகோன் கிதாங்க்யோவுக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2025 மார்ச் முடிவில் கையேடு வைத்திருந்தவர்களின் தொகை முதற்தடவையாக ஒரு இலட்சத்துக்குக் கீழே, 99,130 ஆக இறங்கியது. சராசரி வயது 86.

வழக்குகளும் தொடர்ந்தன. குண்டு வெடித்த அன்று பெய்த கறுப்பு மழையில் நனைந்தவர்களை, நீங்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றீர்கள் என்று தள்ளி வைத்திருந்தார்கள். 2021இல் ஹிரோசிமா மேல் நீதிமன்றம் அப்படிப்பட்ட 84 பேருக்கும் கையேடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. நாகசாகியில் 44 பேர் தொடுத்த வழக்கில் 2024 செப்டெம்பரில் 15 பேரை மட்டும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மற்ற 29 பேருக்கும் இல்லையென்று சொல்லப்பட்டது. குண்டு விழுந்து அப்போது 79 ஆண்டுகள்.