வரகுக்கோழியும் தரிசு நிலமும்

வரகுக்கோழி என்னும் பக்ஷியை நமது நேயர்களிற் கண்டவர் மிகச் சிலரே இருப்பர். பெரணமல்லூர் போன்ற புன்செய்ச் சீமைகளிலும் அதைக் கண்டேன் என்பவர் இன்று அரியர். ஆயினும் பெயர் நம்முடையது. வரகுக் கொல்லையில் அதைப் பார்த்துப் பழகிய தமிழ்க் குடியானவனே அப்பெயரிட்டிருத்தல் வேண்டும்.

கானமயிலுக்கு இனமான இப்பறவை, மழை தொடங்கியதும் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களின் புல்வெளிகளிற் குஞ்சு பொரிக்கும். மழை நின்றபின் தெற்கு நோக்கி வரும். அதன் கலியாணக் கூத்து வெகு விசேஷமானது. ஆண் பறவை அப்போது மேனி கறுத்து, நாடா போன்ற இறகுகள் தலைக்குப் பின்னே மேல்நோக்கி வளைந்திருக்க நிற்கும். உருவிலோ பெட்டையினும் சிறியது. சுற்றிலும் உயர்ந்த புல். மறைந்திருக்கும் பெட்டைக்குத் தன்னைக் காட்டுவதெப்படி? நின்றபடியே ஓர் ஆள் உயரம் மேலெழும்பி, இறக்கையைப் படபடவென்றடித்துக் கரகரவென ஒலியெழுப்பி, மீண்டும் புல்லுக்குள் விழும். நாளொன்றுக்கு 500 தடவை வரையில் இவ்வாறு குதிக்குமாம்!

இக்குதிப்பே அதைக் காட்டியும் கொடுத்தது. வேட்டைக்காரத் துரைமார் குதித்த இடத்தைக் குறிபார்த்துச் சுட்டனர். 1912-ம் வருஷத்துச் சட்டத்தின் அட்டவணையில் இவ்வினத்தின் பெயர் ஏறியது. 1972-ம் வருஷத்துச் சட்டம் முதல் அட்டவணையிலேயே வைத்தது. சட்டம் துப்பாக்கியைத் தடுத்தது மெய்யே. ஆனால் புல்வெளியைத் தரிசென்று எழுதிவைத்த சர்க்கார் கணக்கை அது தொடவில்லை. தரிசென்றால் உழலாம், மரம் நடலாம், சுரங்கம் தோண்டலாம், எவருக்கும் கொடுத்துவிடலாம். 1999-ல் 3,530 என்று மதிக்கப்பட்ட தொகை 2017-18-ல் எழுநூறுக்குங் குறைந்தது. 2021-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இதை மிகவும் அபாயத்திலுள்ள பறவைகளோடு சேர்த்தனர்.

பறவைக்காகக் குடியானவனைக் கட்டிப்போடுவதும் நியாயமன்று. மத்தியப் பிரதேசத்து ஸர்தார்பூரிற் சரணாலயம் ஏற்பட்டபின் ஜனங்கள் தங்கள் சொந்த நிலத்தை விற்கவும் வகையின்றித் தவித்தனர். பறவையின்மேல் அவர்களுக்கு அன்பு எப்படி உண்டாகும்? அதே மாகாணத்து ஸைலானாவில், தன் கொல்லையில் வரகுக்கோழி இருப்பதைத் தெரிவித்துக் காத்தவனுக்குப் பரிசளித்தனர். ராஜஸ்தானத்து ஷோகலியாவில் பயிர் நிலங்களுக்கு நடுவிலேயே அது குதித்துக்கொண்டிருக்கிறது. ஸைலானாவில் கொடுத்த பரிசு சர்க்கார் பொக்கிஷத்துக்குப் பெருஞ் செலவன்று. ஸர்தார்பூரிலும் சட்டத்தை அனுப்புமுன் அதை அனுப்பியிருக்கலாம்.