பரீட்சைக் காலத்தில் நித்திரை

உயர்தரப் பரீட்சை நெருங்கும் நாட்களில் எங்கள் ஊர்களில் நள்ளிரவு கடந்தும் விளக்குகள் எரிவதைக் காணலாம். பிள்ளை கண்விழித்துப் படிக்கின்றான் என்று பெற்றோர் பெருமையோடு கூறுவர். நானும் அவ்வாறே மகிழ்ந்தவன்தான். ஆயினும், எங்கள் பாடசாலையில் நடந்த முன்னோடிப் பரீட்சையொன்று என் எண்ணத்தை மாற்றியது. வகுப்பில் முதல்வனாய் விளங்கிய மாணவன் ஒருவன், வினாத்தாளைக் கையிற் பிடித்தபடி, ஒன்றும் நினைவுக்கு வராமல் கலங்கி அமர்ந்திருந்தான். முந்திய இரவு முழுவதும் அவன் கண்ணயரவில்லை என்பதையும், தாயார் இரண்டு முறை தேநீர் கொடுத்து விழிப்பூட்டினார் என்பதையும் பின்னர் அறிந்தேன்.

நித்திரை வீணாய்க் கழியும் பொழுதன்று. அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெங்கின்ஸ், டலன்பாக் என்னும் உளவியலாளர் இருவர் 1924ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பொருளற்ற அசைகளை மனனஞ் செய்த மாணவர், அதன்பின் விழித்திருந்தபோது மிகுதியாகவும், உறங்கியபோது குறைவாகவும் மறந்தனர். பகலிற் கற்றவற்றை உறங்கும் மூளை நிலைப்படுத்துகின்றது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன. ஆகவே, படித்தபின் உறங்குதலும் படிப்பின் ஒரு பகுதியே. பதின்மப் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பர் மருத்துவர்.

"படுத்தாலும் நித்திரை வருவதில்லையே" எனச் சிலர் கேட்கலாம். அச்சமுற்ற மனம் உடலை விழிப்பு நிலையிலேயே வைத்திருக்கும். அதனைத் தணிக்கச் சில வழிகள் உண்டு.

முதலாவது, எத்தனை மணிக்கு உறங்கினாலும், காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தில் சிறிது நடத்தல். இரண்டாவது, பிற்பகலின் பின் தேநீரையும் கோப்பியையும் தவிர்த்தல். அவற்றிலுள்ள கஃபீனிற் பாதியளவு, ஏறத்தாழ ஐந்து மணித்தியாலத்தின் பின்னும் உடலில் எஞ்சியிருக்கும். மூன்றாவது, கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தல். நான்காவது, நாளை செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தல். மனத்தின் சுமையைத் தாள் தாங்கிக்கொள்ளும். இருபது நிமிடமளவில் நித்திரை வராவிடின், புரண்டு கிடவாது எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சோரும்போது மீண்டும் படுத்தல் நன்று.

ஓரிரவு உறக்கம் குறைந்தமையால் எல்லாம் கெட்டுவிட்டதென அஞ்சுதல் வேண்டாம். அவ்வச்சமே அடுத்த இரவையும் கெடுத்துவிடும். வாரக்கணக்காக நித்திரையின்மை நீடிப்பின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

அந்த மாணவனின் தாயாரிடம் நான் கூறியது இதுவே: "அம்மா, நள்ளிரவில் நீங்கள் கொடுக்கும் தேநீரிலும், பத்து மணிக்கு நீங்கள் அணைக்கும் விளக்கே பிள்ளைக்குப் பேருதவி." பரீட்சை எழுதும் பிள்ளைகளையுடைய நேயர்களுக்கும் இன்றிரவு நான் கூறவிரும்புவது அதுவே.