நோய்ப் படுக்கையும் மனித கண்ணியமும்



 

கோரிப்பாளையத்தில் வாழும் நமக்கு ராஜாஜி அரசு மருத்துவமனை அண்டை வீடு போன்றது. ஜும்ஆ முடிந்ததும் எவரேனும் ஒருவர் வந்து, "ஹஜ்ரத்! அத்தா வார்டில் இருக்கிறார், ஒரு துஆச் செய்துவிட்டுப் போங்கள்" என்று அழைப்பதுண்டு. அங்கே நோயாளியின் வேதனையைவிட, சூழ்ந்து நிற்போரின் பேச்சே சில வேளை மனத்தை வருத்துகிறது. "என்ன பாவம் செய்தாரோ" என்கிறார் ஒருவர். "அழாதே, ஸப்ரின் நன்மை போய்விடும்" என்கிறார் மற்றொருவர். இரண்டும் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகின்றன. இரண்டுமே பிழை.

மனிதர்களில் கடுமையாகச் சோதிக்கப்படுபவர்கள் நபிமார்களே என்பது நபிமொழி (திர்மிதீ). அவ்வாறிருக்க, துன்பத்தைப் பாவத்தின் அடையாளமாக எப்படிக் கூற முடியும்? முஸ்லிமுக்குத் தைக்கும் முள்ளுக்கும் பகரமாக அவனுடைய பாவம் மன்னிக்கப்படும் என்று ஹதீஸ் உண்டு (புகாரீ). அது நோயாளிக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி. பார்க்கப் போனவர் கையில் கொடுக்கப்பட்ட குற்றப் பத்திரிகை அன்று.

அழுகையைப் பற்றியும் கேளுங்கள். அழகிய பொறுமையை மேற்கொண்ட நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின என்று குர்ஆன் (12:84) கூறுகிறது. தம் மைந்தர் இப்ராஹீம் மரணித்த வேளையில் நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வியந்து வினவியபோது, அது இரக்கத்தின் வெளிப்பாடு என்றே விளக்கமளித்தார்கள் (புகாரீ). தடுக்கப்பட்டவை கன்னத்தில் அறைவதும், சட்டையைக் கிழிப்பதும், அறியாமைக் கால ஒப்பாரியுமே.

நபி அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை ரப்பிடம் முறையிட்டார்கள் (21:83). முறையிட்ட அவர்களையே பொறுமையாளர் என்று அல்லாஹ் பாராட்டுகிறான் (38:44). இங்கு ஒரு நுட்பம் உண்டு. அவர்களுக்குக் குளிர்ந்த நீரை அருளுமுன், காலால் தரையைத் தட்டுமாறு அல்லாஹ் கட்டளையிட்டான் (38:42). தட்டாமலேயே நீரைத் தர அவனால் முடியாதா? முடியும். எனினும், நோயுற்ற அடியாரின் காலுக்கும் ஒரு வேலையைக் கொடுத்தான். அவர்களின் கண்ணியம் அதில் இருந்தது.

நம் மதுரையிலேயே அதற்கொரு சான்றைக் காணலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களை மூத்தவர்கள் அறிவர். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். நன்மையைச் சொல்வதற்கு அது தடையாகாது. இராணுவ மருத்துவராக இருந்தவரை முப்பது வயதளவில் கடும் முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. பிரசவ மருத்துவராகும் அவருடைய விருப்பம் அதோடு முடிந்தது. பின்னர் கண் மருத்துவம் பயின்று, அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகினார். நம் அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் மறையும் முன், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகளை அந்தக் கைகள் செய்திருந்தன. நம் ஜமாஅத்திலும் அந்த மருத்துவமனையில் பார்வை பெற்றவர்கள் இருக்கிறார்கள். வலி அவரை விட்டு நீங்கிய பிறகு அவர் உழைக்கத் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல நியமித்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். நம்மில் எத்தனை வீடுகளில், நோயுற்ற பெரியவரிடம் ஒரு யோசனையாவது கேட்கிறோம்? மருந்தும் கஞ்சியும் நேரத்துக்குக் கொடுக்கிறோம். மகளின் திருமணப் பேச்சை அடுத்த அறையில் முடித்துவிடுகிறோம்.

மூல நோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (புகாரீ). எனவே, அடுத்த முறை நோயாளியைப் பார்க்கச் செல்வோர், பழப் பையோடு ஒரு டப்பாவில் தூய மண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர் படக்கூடாதவருக்குத் தயம்மும் செய்ய வார்டில் மண் கிடைப்பதில்லை.