பட்டுவின் சடை

திருவண்ணாமலையில் சடை கண்ணுக்குப் பழகிய காட்சி. கிரிவலப் பாதையில் எந்த மரத்தடியிலும் சடைமுடிச் சாது ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதனாலோ என்னவோ, பட்டுவின் அக்குளில் தொங்கிய முடிக்கட்டி எனக்கு உறுத்தவேயில்லை.

பட்டுவின் தாய் நாட்டுப்பூனை. பட்டுவுக்கோ பெர்சியன் பூனையின் அடர்முடி. பகலெல்லாம் மலையடிவாரப் புதரில் திரிவாள். மாலையில் வாலெல்லாம் நாயுருவி விதை. ஒரு விதை போதும். உதிர்ந்த அடிமுடி அதைச் சுற்றிக்கொள்ளும், மழையில் நனையும், காய்ந்ததும் கம்பளியாக இறுகிவிடும்.

பூனைதான் நக்கியே சுத்தம் செய்துகொள்ளுமே என்று நானும் நினைத்திருந்தேன். பூனை நாக்கிலுள்ள முட்கள் நுனியில் குழிந்தவை. எச்சிலை முடிக்குள் கொண்டுபோகும். ஆனால் பெர்சியன் முடியின் நீளத்தைத் தாண்டி அவை தோலை எட்டுவதில்லை என்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018இல் கண்டார்கள். எட்டாத இடத்தை நாம்தான் சீவிவிட வேண்டும்.

போன ஐப்பசி அடைமழையில் அந்தக் கட்டி நெல்லிக்காய் அளவாகிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். முடியோடு தோலையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அவள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

"கட்டியைப் பிடிச்சு இழுத்தா தோலும் கூடவே எழும்பி வரும் சார். எது முடி, எது தோல்னு தெரியாது. இனிமே கத்தரிக்கோல் வேணாம்" என்றார் கால்நடை மருத்துவர். மெஷினால் மழித்தபோது பார்த்தேன்: அடியில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடுமாம்.

இப்போது தினமும் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் ஐந்து நிமிடம். அகலப்பல் ஸ்டீல் சீப்பு. முடியின் வேரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. சிக்கில் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளார் மாவு தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து சீவ வேண்டும். சிக்கு இருக்கும்போது குளிப்பாட்டவே கூடாது. நனைந்தால் இன்னும் இறுகும். கடைசியாகப் பேன் சீப்பு, உண்ணிக்காக.

பக்கத்து வீட்டு அக்கா, "கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில குழைச்சுத் தடவுங்க தம்பி, உண்ணி ஓடிடும்" என்றார். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் தடவியதையெல்லாம் பூனை நக்கும். கற்பூரம் அதற்கு நஞ்சு. பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்து உயிரையே பறிக்கும்.

காதுக்குப் பின்புறம், வயிறு, தொடையிடுக்கு எல்லாம் காட்டுகிறாள். வெட்டுப்பட்ட இடது அக்குளை மட்டும் தொடவிடுவதில்லை. அங்கே இரண்டே இழுப்பு, விட்டுவிடுகிறேன். மறுநாள் இன்னும் இரண்டு.